மானியமா, வரிச்சலுகையா, கட்டிடமா? நெல்லையில் கேம் செய்கிறவர்கள் அரசிடம் எதைக் கேட்பது

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில் நாங்கள் நாலு பேர் கேம் செய்துகொண்டிருக்கிறோம். போன மாதம் நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் இதே வேலையில் இருக்கிற 17 பேர் கூடி, மாநில அரசுக்கு ஒரு மனு கொடுப்பது என்று முடிவு செய்தோம். எதைக் கேட்பது என்பதில்தான் பேச்சு முடியவில்லை. ஒருவர் கனடா மாதிரி வரிச்சலுகை என்றார், ஒருவர் ஐடி பார்க்கில் இடம் என்றார், இன்னொருவர் இங்கேயே ஒரு படிப்பு வேண்டும் என்றார். மூத்தவர் ஒருத்தர், "அரசாங்கம் நம்மள கண்டுக்காம விட்டாலே போதும்யா" என்றார்.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். பத்து கோரிக்கை இருக்கிற மனுவில் எது முக்கியம் என்று படிக்கிற அதிகாரிக்குத் தெரியாது; ஒன்றைக் கேட்டால் அதற்காவது ஒரு பதில் வரும். அதனால் ஒவ்வொன்றும் எந்த நாட்டில் எப்படி நடந்தது, நம்மூர் நிலைமைக்கு எது பொருந்தும் என்று படித்ததையும் யோசித்ததையும் எழுதுகிறேன். என் கட்சி எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கேம் முடிவதற்கு முன்னாலேயே கைக்கு வருகிற, தவணை தவணையான சின்ன மானியம்.

முதலில் எங்கள் கணக்கு. நாங்கள் செய்வது பத்தமடைப் பாயை வைத்து ஒரு புதிர் கேம், போனில் விளையாடுவது. கோரையை ஒவ்வொன்றாகத் தறியில் நீளமாகக் கட்டிய பாவு நூலுக்குள் செருகி, கேட்கிற கோலத்தை நெய்து முடிக்க வேண்டும். நாலு பேர், 14 மாதம். ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் என்று வைத்தால் சம்பளம் மட்டும் 11,20,000. அப்படிச் சம்பளம் போட்டோமா என்றால் இல்லை. முதல் ஒன்பது மாதம் யாரும் ஒரு பைசா எடுக்கவில்லை, அதற்கப்புறம் சென்னைக் கம்பெனிகளுக்கு விளம்பர அனிமேஷன் செய்து கொடுத்து அதில் வந்ததைப் பிரித்துக்கொண்டோம். விளம்பர வேலை வந்த மாதமெல்லாம் கேம் வேலை நின்றது.

ஆறாவது மாதம், கேமின் முதல் பத்து கட்டங்களை (லெவல்களை) எடுத்துக்கொண்டு பத்தமடைக்குப் போனோம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியம்மா, சின்ன வயதிலிருந்து பாய் நெய்கிறவர், தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே போனை வாங்கி விளையாடினார். விரல் நுனி கோரை நாரால் காய்த்துப் போயிருந்ததால் திரை சில நேரம் தொடுதலை எடுக்கவே இல்லை, துடைத்துத் துடைத்துத் தொட்டார். மூணாவது கட்டத்தில் நிறுத்திவிட்டு, "தம்பி, ஓரத்துல கோரை அப்படியே அந்தரத்துல நிக்குதே, அது எப்படிப் பாயாகும்? ஓரத்தக் கட்டலன்னா நாலு நாள்ல பிரிஞ்சு போயிரும்லா" என்றார். நாங்கள் பாயைக் கட்டம் போட்ட படமாகத்தான் பார்த்திருந்தோம், அதற்கு ஓரம் என்று ஒன்று இருப்பதே எங்கள் கணக்கில் இல்லை. திரும்பி வந்து ஓரம் கட்டுவதையே புதிரின் பாதியாக மாற்றினோம், அதற்கு இரண்டு மாதம் ஆனது. இன்று எங்கள் கேமில் நல்ல விஷயம் எது என்று யாரைக் கேட்டாலும் அந்த ஓரத்தைத்தான் சொல்கிறார்கள். அந்த இரண்டு மாதத்தில் எங்களுக்கு வருமானம் பூஜ்யம். இந்த மாதிரி இரண்டு மாதங்களுக்கு யார் பணம் கொடுப்பது என்பதுதான் எனக்குக் கேள்வி. கீழே எதை ஒப்பிட்டாலும் இதை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்.

சரி, வரிச்சலுகை. இதில் எல்லாரும் காட்டுகிற ஊர் கனடாவின் கியூபெக் மாகாணம். 1996-ல் தொடங்கினார்கள், அடுத்த வருடமே பிரான்சின் யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி அங்கே மான்ட்ரியால் நகரில் ஸ்டூடியோ திறந்தது, அதன்பின் ஊரே கேம் ஊரானது. கேம் வேலைக்குக் கொடுக்கிற சம்பளத்தில் 30 சதவீதத்தை அரசு திருப்பிக் கொடுத்தது, பிரெஞ்சு மொழிப் பதிப்பும் செய்தால் கூடுதலாக 7.5 சதவீதம். கட்ட வேண்டிய வரி இல்லாவிட்டாலும் பணமாகக் கொடுத்தார்கள், அதுதான் அதன் பலம். மொழிக்கு என்று 7.5 சதவீதம் ஒதுக்கியதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, தமிழில் கேம் வருவதற்கு இப்படி ஒன்று இருந்தால் எத்தனை பேர் தமிழ்ப் பதிப்பு போடுவார்கள்! ஆனால் செலவு ஏறிக்கொண்டே போய், 2024 பட்ஜெட்டில் அவர்களே பணமாகத் திருப்பித் தரும் பங்கைக் குறைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இதை எங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். 11,20,000-ல் 37.5 சதவீதம் என்றால் 4,20,000. நல்ல தொகை. ஆனால் அது சம்பளம் போட்டு, கணக்கு முடித்து, ஆடிட்டர் கையெழுத்து வாங்கி, தாக்கல் செய்த பிறகு வரும். சம்பளமே போடாதவனுக்குச் சம்பளத்தில் எத்தனை சதவீதம் கொடுத்தால் என்ன? 300 பேர் வைத்திருக்கிற ஸ்டூடியோவை பெங்களூரிலிருந்து இழுத்து வருவதற்கு வரிச்சலுகை அருமையான கருவி. மாடியில் உட்கார்ந்திருக்கிற நாலு பேரை அது எட்டவே எட்டாது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல் 30 சதவீத வரிச்சலுகை இருக்கிறது, அதற்குக் குறைந்தது 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் செலவு செய்திருக்க வேண்டும், நம் பணத்தில் இரண்டரைக் கோடிக்கு மேல். அந்தத் திட்டம் யாருக்கானது என்பது அந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடுகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு, அதைத் தமிழ்நாட்டில் நாமே பார்த்திருக்கிறோம். 2006-ல் தமிழில் பெயர் வைக்கிற படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று அரசு அறிவித்தது. நோக்கம் நல்லது. ஆனால் நிபந்தனை பெயரோடு நின்றதால் படத்தின் பெயர்தான் மாறியது, உள்ளே இருந்தது அப்படியேதான் இருந்தது. 2011-க்குப் பிறகு யு சான்றிதழ், தமிழ்ப் பண்பாடு என்று நிபந்தனைகளைக் கூட்டினார்கள். பிரிட்டனில் கேம்களுக்கு 2014-ல் வரிச்சலுகை கொண்டுவந்தபோது ஒரு பண்பாட்டுத் தேர்வும் வைத்தார்கள்: கதை எங்கே நடக்கிறது, பாத்திரங்கள் யார், என்ன மொழி, வேலை எந்த நாட்டில் நடந்தது என்று மொத்தம் 31 மதிப்பெண், 16 எடுத்தால் தேர்ச்சி. தமிழ்நாடு எப்போதாவது கேம்களுக்கு வரிச்சலுகை கொடுத்தால் பெயர்ப் பலகையை மட்டும் பார்க்காமல் இப்படி உள்ளே இருப்பதற்கு மதிப்பெண் போட வேண்டும்.

கட்டிடத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு ஒன்றுமில்லை. கங்கைகொண்டானில் மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்தபோது நெல்லையில் எவ்வளவு எதிர்பார்ப்பு இருந்தது என்று நினைவிருக்கும். கட்டிடம் எழும்பிய வேகத்துக்குக் கம்பெனிகள் வரவில்லை. அந்தப் பக்கம் தென்காசி மத்தளம்பாறையில் ஸோஹோ என்ற மென்பொருள் கம்பெனி வளர்ந்ததற்கு, உள்ளூர்ப் பிள்ளைகளை எடுத்துச் சொல்லிக் கொடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டதும் ஒரு பெரிய காரணம். எங்களுக்கு மாடி அறைக்கு மாத வாடகை 6,500. அறை கிடைக்காமல் எங்கள் கேம் ஒரு நாளும் நிற்கவில்லை.

படிப்பு வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, வரிசையில் இரண்டாவது என்பேன். ஒன்றிய அரசு மும்பையில் இந்தியப் படைப்புத் தொழில்நுட்பக் கழகத்தை 391 கோடி ரூபாயில் அமைக்கிறது. 2022 பட்ஜெட்டில் அறிவித்த அனிமேஷன், கேமிங் பணிக்குழுவிலிருந்து வந்த யோசனை அது. நம்மூரிலிருந்து பம்பாய்க்குப் பிழைக்கப் போவது தாத்தா காலத்துப் பழக்கம்தான், ஆனால் கேம் படிக்கவும் அங்கேதான் போக வேண்டும் என்றால் போனவர்கள் திரும்பி வருவார்களா என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

இதற்கு நான் எப்போதும் நினைக்கிற ஊர் ஸ்காட்லாந்தின் டண்டீ. பெரிய ஊர் இல்லை. ஒரு காலத்தில் சணல் ஆலைகளால் வாழ்ந்த ஊர், நாம் கோரை பின்னுகிற மாதிரி அவர்கள் சணல் நெய்தார்கள். ஆலைகள் படுத்தன. ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டரை அங்கிருந்த டைமெக்ஸ் தொழிற்சாலையில் தயாரித்தார்கள், அதனால் ஊர்ப் பையன்கள் கையில் கம்ப்யூட்டர் இருந்தது. 1987-ல் அங்கே தொடங்கிய டிஎம்ஏ டிசைன் என்ற சின்னக் கம்பெனிதான் 1991-ல் லெமிங்ஸ், 1997-ல் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ கேம்களைச் செய்தது. அதே 1997-ல் ஊர்ப் பல்கலைக்கழகமான அபர்டேயில் கேமுக்கென்றே பட்டப்படிப்பு வந்தது. வரிசையைக் கவனியுங்கள், முதலில் கேம் வந்தது, பத்து வருடம் கழித்துப் படிப்பு வந்தது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு துறை வர வேண்டும் என்பது என் ஆசை, ஆனால் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமே, ஒரு கேமையாவது முடித்து வெளியிட்டவர்கள் இந்த ஊரில் பத்து பேராவது வேண்டுமே.

இப்போது அந்த அண்ணாச்சி சொன்னது, அரசு நம்மை விட்டாலே போதும் என்பது. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. போன வருடம் நாங்கள் கடனுக்காக ஒரு வங்கிக் கிளைக்குப் போனோம். திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் கேம் என்ற சொல்லைப் பார்த்ததுமே அந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ரம்மியா?" என்றார். இல்லை சார், பாய் நெய்கிற புதிர் என்றோம். "காசு கட்டி ஆடுறதா?" அதுவும் இல்லை என்றோம். அறிக்கையை மூடி எங்கள் பக்கம் தள்ளி, எதற்கும் மேலிடத்தில் கேட்கிறேன் என்றார், அதோடு சரி.

அவரையும் குறை சொல்ல முடியாது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டு உயிரையும் விட்டவர்களின் செய்தி தமிழ்நாட்டில் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அதனால்தான் மாநில அரசு 2021-ல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்த பிறகும், நீதிபதி சந்துரு குழு அமைத்து 2022-ல் மறுபடியும் சட்டம் இயற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டசபை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அப்புறம் 2025-ல் பண விளையாட்டுகளுக்கு ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை என்று விதிகள் வந்தன. அதே வருடம் ஆகஸ்டில் ஒன்றிய அரசே பண விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே இடமில்லாமல், மொத்தமாகத் தடை செய்து சட்டம் போட்டது. நான் இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். வீட்டுப் பணத்தைச் சூதாட்டத்தில் உறிஞ்சுகிறவர்களும் நாங்களும் ஒரே தொழில் என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கிறது.

அந்த 2025 சட்டத்தில் எங்களுக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது: மின் விளையாட்டுப் போட்டி (இ-ஸ்போர்ட்ஸ்), பணம் வைக்காத சமூக விளையாட்டு, பண விளையாட்டு என்று மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டையும் வளர்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தென் கொரியா இந்த இடத்தை நமக்கு 19 வருடம் முன்னால் கடந்தது. 2006-ல் அங்கே கேம் என்ற பெயரில் சூதாட்ட மெஷின்கள் தெருவெல்லாம் பரவி, 'கடல் கதை' என்ற மெஷினால் பெரிய ஊழல் விவகாரமே வெடித்தது. அந்த வருடமே கேம் தொழில் ஊக்குவிப்புச் சட்டமும் தர மதிப்பீட்டு வாரியமும் வந்தன, சூதாட்டம் ஒரு பக்கம், கேம் ஒரு பக்கம் என்று கோடு விழுந்தது. 2009-ல் உள்ளடக்கத் தொழில்களுக்கென்று தனி அரசு அமைப்பு உருவாகி கேம்களுக்கு நிதி கொடுக்கத் தொடங்கியது. கோடு தெளிவாக இருந்தால்தான் அதிகாரி தைரியமாகப் பணம் ஒதுக்குவார். அரசு கண்டுகொள்ளாமல் விட்டால் அந்தக் கோட்டை யார் போடுவது?

கொரியாவே தப்பும் செய்தது. 2011-ல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆன்லைன் கேம் ஆடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள், பிள்ளைகள் அப்பா அம்மா அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள், கடைசியில் 2022 ஜனவரி முதல் அதை எடுத்துவிட்டார்கள். சீனா இன்னும் கடுமை: 2021 முதல் பதினெட்டு வயதுக்குக் கீழ் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும். அதைவிடக் கேம் செய்கிறவனை அங்கே கொல்வது முன் அனுமதிதான். அரசு உரிமம் இல்லாமல் கேமை விற்க முடியாது, அந்த உரிமத்தை 2021 ஜூலை முதல் 2022 ஏப்ரல் வரை கொடுக்கவே இல்லை. ஒன்பது மாதம் கடையைத் திறக்காதே என்றால் பெரிய கம்பெனி தாங்கும், நாங்கள் தாங்குவோமா? ஆகவே எங்களுக்குத் தேவை சின்னப் பதிவு, அதற்குக் கட்டணம் கூடாது, இது பண விளையாட்டு இல்லை என்று ஒரு சான்று, அதை வங்கியில் காட்ட வேண்டும். அவ்வளவுதான். இதை மனுவில் இரண்டு வரியாகச் சேர்த்துவிடலாம் என்பதில் அண்ணாச்சியும் கடைசியில் ஒத்துக்கொண்டார்.

இனி மானியம். ஜெர்மனி 2020 முதல் வருடத்துக்கு 5 கோடி யூரோ ஒதுக்கி, கேம் செலவில் பாதி வரை கொடுத்தது. விண்ணப்பங்கள் குவிந்து, 2023 மே மாதமே அந்த வருடப் பணம் தீர்ந்து கதவை அடைக்க வேண்டியதாயிற்று. அதை நம்பி ஆள் எடுத்தவர்கள் பாடு திண்டாட்டம். ஃபின்லாந்தில் டெகெஸ் என்ற அரசு அமைப்பு மானியத்தோடு கடனும் கலந்து கொடுத்தது; அப்படி ஆரம்ப நிதி வாங்கிய கம்பெனிகளில் ஒன்றுதான் 2010-ல் தொடங்கிய சூப்பர்செல், மூன்றே வருடத்தில் அதன் 51 சதவீதத்தை ஜப்பானின் சாஃப்ட்பேங்க் 150 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. எல்லாரும் சூப்பர்செல் ஆக மாட்டார்கள், அது தெரிந்த விஷயம்.

என் மனதில் ஆழமாக நின்றது இதெல்லாம் இல்லை, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். அந்த நாட்டின் ஒன்றிய அரசு 2014-ல் கேம்களுக்கான 2 கோடி டாலர் நிதியையே ரத்து செய்துவிட்டது. வரிச்சலுகை வந்ததோ 2022-ல். நடுவில் எட்டு வருடம். அந்த எட்டு வருடமும் விக்டோரியா மாநிலத்தின் திரைப்பட அமைப்பு, சினிமாவுக்குக் கொடுக்கிற மாதிரியே சின்னக் கேம்களுக்கும் பணம் கொடுத்துக்கொண்டே இருந்தது. அதில் மெல்போர்னில் நாலு பேர் செய்த ஒரு கேம், ஒரு வாத்து ஊருக்குள் போய்ச் சேட்டை பண்ணுவது, 2019 செப்டம்பரில் வெளியாகி வருட முடிவுக்குள் 10 லட்சம் பிரதி விற்றது. நாலு பேர், ஒரு வாத்து, ஒரு மாநில அரசு! ஒன்றிய அரசு கொடுக்கட்டும் என்று மெல்போர்ன் காத்திருக்கவில்லை. தமிழ்நாடும் குறைந்த செலவில் எடுக்கிற தரமான படங்களுக்கு 7 லட்சம் மானியம் கொடுத்து வந்த மாநிலம்தான், ஆகவே இது நமக்குத் தெரியாத பாதை இல்லை.

புதுக் கம்பெனிகளுக்கென்று மாநில அரசு வைத்திருக்கிற ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் டான்சீட் நிதி இருக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். நல்ல திட்டம், பொதுவாக 10 லட்சம் வரை கொடுக்கிறார்கள். ஆனால் அது கம்பெனி எவ்வளவு வளரும் என்று பார்க்கிற திட்டம். பாய் கேமைப் பார்த்து இது பத்து மடங்கு வளருமா என்று கேட்டால் நான் என்ன சொல்ல? இந்தக் கேம் நன்றாக வரும், ஆட்கள் விளையாடுவார்கள், அடுத்த கேமை நாங்கள் பாதி நேரத்தில் செய்வோம், அதைத்தான் சொல்ல முடியும்.

மானியம் என்றால் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்பது நியாயமான பயம். அதற்கு நம்மிடமே வழி இருக்கிறது. அரசு வீடு கட்டும் திட்டத்தில் மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் தருவதில்லையே, அடித்தளம் போட்டால் ஒரு தவணை, ஜன்னல் மட்டம் வந்தால் ஒரு தவணை, கூரை போட்டால் ஒரு தவணை, ஒவ்வொன்றுக்கும் வந்து போட்டோ எடுத்துப் போகிறார்கள். கேமும் அப்படித்தான் எழும்புகிறது. விளையாடிப் பார்க்கிற மாதிரி ஒரு சின்ன வடிவம், அப்புறம் பாதிக் கட்டங்கள், அப்புறம் வெளியீடு. போட்டோ எடுப்பதற்குப் பதில் போனில் வாங்கி விளையாடிப் பார்க்கட்டும், கட்டாமல் கட்டியதாகக் காட்ட இதில் வழியே இல்லை. பிரிட்டனின் கேம் நிதியும் முதலில் மாதிரி செய்ய மட்டும் 25,000 பவுண்டு வரை கொடுத்து, அது நன்றாக வந்தவர்களைத்தான் மேலே கொண்டுபோனது. அந்த நிதியின் அலுவலகம் லண்டனில் இல்லை, டண்டீயில் இருக்கிறது.

ஆகவே மனுவின் வரைவில் நான் எழுதியிருப்பது: ஒரு கேமுக்கு மொத்தம் 10 லட்சம், மாதிரிக்கு 2, பாதிக் கட்டங்களுக்கு 4, வெளியீட்டுக்கு முன் 4. வருடத்துக்கு 20 கேம், ஆக 2 கோடி. தமிழ்ப் பதிப்பு கட்டாயம். பணம் ஜெர்மனி மாதிரி நடுவில் தீர்ந்துவிடாமல், வருடத்தில் இரண்டு முறை, பத்து பத்தாகத் தேர்வு. தேர்வுக் குழுவில் பாதிப் பேர் கேம் செய்து வெளியிட்டவர்கள். 30 லட்சத்துக்கு மேல் சம்பாதித்த கேம், வாங்கிய 10 லட்சத்தைத் திருப்பிக் கட்டி அடுத்த கேமுக்கு விட வேண்டும். தென் மாவட்டங்களின் விண்ணப்பத்தைச் சென்னைக்கு இழுக்காமல் நெல்லையிலேயே வாங்கிப் பார்க்க வேண்டும்.

30 லட்சம் என்ற வரம்பில் தென்காசிக்காரர்களுக்கு உடன்பாடு இல்லை, 50 என்கிறார்கள். தமிழ்ப் பதிப்பு கட்டாயம் என்பதை ஊக்கத்தொகையாக மாற்றலாமே என்று தூத்துக்குடியில் ஒரு தங்கச்சி கேட்டாள், அதில் நியாயம் இருக்கிறது என்று எனக்கும் படுகிறது. வருகிற சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி எங்கள் மாடியில்தான் கூடுகிறோம். வருகிறவர்கள் அவரவர் கேமின் செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள்: எத்தனை பேர், எத்தனை மாதம், சம்பளம் எடுத்தீர்களா, எடுக்காவிட்டால் அந்த மாதங்களை எப்படி ஓட்டினீர்கள். அந்த 17 தாளையும் மனுவோடு இணைத்து, திங்கட்கிழமை மனு நாளில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் ஒரு நகல் கொடுத்துவிட்டு, மற்றதைச் சென்னைக்குத் தபாலில் அனுப்புகிறோம்.